410 ஜிபி காலி, ஆனால் இடமில்லை

இரவு ஒன்றேகால் மணி இருக்கும். லேப்டாப் மேல் போட்டிருந்த துண்டை விலக்கிப் பார்த்தேன். திரை வெளிச்சத்துக்கு ஈசல் வந்து மொய்க்கிறது, பக்கத்தில் பாய் விரித்துக் கூத்து பார்க்கிற பாட்டிகளுக்குக் கண் கூசுகிறது என்று பத்தரை மணிக்கே மூடிவைத்திருந்தேன். நடுத்திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. டிஸ்க்கில் இடமில்லை, பதிவு நிறுத்தப்பட்டது என்றது. எப்போது நின்றது என்று பார்த்தேன். தொடங்கி 62 நிமிடத்தில். அதாவது 11.32க்கு. அதற்குப் பிறகு நடந்த ஒன்றே முக்கால் மணி நேரக் கூத்து எதிலும் ஏறவில்லை.

அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில்தான் கர்ணன் போருக்குப் புறப்படுகிறான். அவன் மனைவி பொன்னுருவி அவனைத் தடுக்கிறாள். அந்தத் தர்க்கத்தைப் பிடிக்கத்தான் நான் எட்டு மைக்குடன் செய்யாறு பக்கத்துக் கிராமத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போயிருந்தேன்.

ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் 410 ஜிபி காலியாக இருக்கிறது. இடமில்லை என்கிறது பெட்டி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மேடையில் கட்டியக்காரன் எதையோ சொல்ல ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. பதற்றத்தில் புரோகிராமை மூடப் போனால் அதுவும் உறைந்து நின்றது. கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகி, புதிதாக ஒரு பதிவை ஆரம்பித்தேன். மணி 1.20. அப்புறம் துண்டை நான் மூடவே இல்லை. ஈசல் விழுந்தால் விழட்டும்.

2.22க்கு மறுபடி நின்றது. சரியாக 62 நிமிடம்.

ஒரு தடவை நடந்தால் கோளாறு. இரண்டு தடவையும் ஒரே நிமிடத்தில் நடந்தால் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று அர்த்தம். என்ன கணக்கு என்று அந்த நேரத்தில் யோசிக்க முடியவில்லை. செல்போனில் 50 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்துக்கொண்டு, அலாரம் அடிக்கும்போதெல்லாம் நிறுத்தி, சேமித்து, புதிதாகத் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு வினாடி போகும். விடிகிறவரை அப்படியே ஓட்டினேன்.

காலையில் வேஷம் கலைத்துக்கொண்டிருந்த வாத்தியார் கூப்பிட்டார். அவர்தான் கர்ணன். புஜக்கட்டையைக் கழற்றிவைத்துவிட்டு, முகத்தில் பாதி அரிதாரத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா தம்பி, ராத்திரியெல்லாம் பொட்டியயே பாத்துக்கினு இருந்தே? கூத்த பாக்கலியா?”

“நடுவுல பொட்டி நின்னுபோச்சு வாத்தியாரே.”

“எங்க நின்னுச்சு?”

“நீங்க பொன்னுருவிகிட்ட விடை கேக்கறதுக்கு முன்னாடி.”

அவர் சிரித்தார். “அதுக்குத்தான் நான் தொண்டையில வச்சிருக்கேன். அடுத்த வருசம் வா.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வயிறு எரிந்தது.

கணக்கு இதுதான். ஒலியைப் பதிவு செய்யும்போது ஒரு வினாடியில் 48,000 தடவை அளவு எடுக்கிறோம். ஒவ்வொரு அளவும் 24 பிட், அதாவது 3 பைட். ஆக ஒரு மைக்குக்கு வினாடிக்கு 1,44,000 பைட். எட்டு மைக்குக்கு 11,52,000. எட்டையும் தனித்தனி ஃபைலாக வைத்தால் பின்னால் குழம்பிப்போகும் என்று எண்ணி, எட்டுத் தடமும் வேவ் என்ற ஒலி வகையில் ஒரே ஃபைலாகப் போகும்படி வைத்திருந்தேன். அந்த ஒரு ஃபைல் மணிக்கு 4 ஜிபிக்குச் சற்று மேலே வளரும்.

நான் கொண்டுபோன ஹார்ட் டிஸ்க்கோ என் மைத்துனனுடையது. அதில் படம் ஏற்றி டிவிடி பிளேயரின் யுஎஸ்பி ஓட்டையில் செருகிப் பார்ப்பான். அந்தக் காலத்து டிவிடி பிளேயர்கள் பலவும் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்ததை மட்டும்தான் படிக்கும். விண்டோஸின் ஃபார்மட் பெட்டியோ அப்போதெல்லாம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 போட விடாது. அதனால் அவன் எங்கிருந்தோ ஒரு இலவச மென்பொருளை இறக்கி, 500 ஜிபி டிஸ்க் முழுவதையும் ஃபேட்32 ஆக்கிவைத்திருந்தான். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு எனக்கு அதன் அர்த்தம் தெரிந்திருக்காது.

ஃபார்மட் செய்வது என்றால் டிஸ்க்கை அழிப்பது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது மனை பிரிப்பது மாதிரி. பொட்டல் நிலத்தைச் சமமான துண்டுகளாக்கி, எண் போட்டு, எந்த மனை யாருடையது என்று எழுத ஒரு பதிவேட்டையும் வைக்கிறோம். அந்தப் பதிவேட்டில் எத்தனை கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பெரிய எண் எழுதலாம் என்பதில்தான் ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் வித்தியாசம். ஃபேட்32 பதிவேட்டில் ஃபைலின் அளவை எழுத 32 பிட் அகலக் கட்டம்தான் உண்டு. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,294,967,295. அதற்கு மேல் ஒரு ஃபைல் ஒரு பைட்கூட வளர முடியாது. நிலம் எவ்வளவு காலியாகக் கிடந்தாலும் பதிவேட்டில் எழுத இடமில்லை. பெட்டி சொன்ன இடமில்லை அதுதான்.

அந்த எண்ணை 11,52,000ஆல் வகுத்துப் பாருங்கள். 3,728 வினாடி. 62 நிமிடம் 8 வினாடி.

வீட்டுக்கு வந்து முதலில் செய்தது, பாதியில் நின்ற இரண்டு ஃபைல்களை மீட்பது. இரண்டும் 4 ஜிபி அளவு காட்டின, ஆனால் பிளேயரில் போட்டால் நீளம் 0:00. வேவ் ஃபைலின் தலைப்பகுதியில்தான் உள்ளே எவ்வளவு ஒலி இருக்கிறது என்ற குறிப்பு இருக்கும். பல மென்பொருள்கள் அதைப் பதிவு முடியும்போதுதான் நிரப்பும். நான் கேபிளைப் பிடுங்கியதில் அந்தக் குறிப்பு எழுதப்படவே இல்லை. ஒலி உள்ளேதான் இருக்கிறது, வாசல் பலகையில்தான் பெயர் இல்லை.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இதற்கு ஒரு வழி உண்டு. ஃபைலை ஃபைலாகப் பார்க்காமல் வெறும் பைட் வரிசையாக உள்ளே இழுக்கலாம். 24 பிட், 8 தடம், 48,000 என்று நாமே சொல்ல வேண்டும். இழுத்தேன். எட்டுத் தடத்திலும் காதைக் கிழிக்கிற இரைச்சல். மழைநாளில் பழைய டிவியில் வரும் புள்ளி மழைச் சத்தம். எல்லாம் போய்விட்டது என்று நினைத்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. ஒவ்வொரு அளவும் 3 பைட். தலைப்பகுதியின் நீளம் 3ஆல் மீதியில்லாமல் வகுபடாவிட்டால், மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டே போகும்போது எல்லாமே இடறும். ஒரு அளவின் வாலும் அடுத்ததன் தலையும் சேர்ந்து ஒரு எண்ணாகிவிடும். எத்தனை பைட் தள்ளித் தொடங்க வேண்டும் என்று கேட்கும் கட்டத்தில் 1 போட்டேன், இரைச்சல். 2 போட்டேன். இரைச்சலுக்குப் பதில் மேளக்கட்டு கேட்டது!

ஒரு சின்ன வேடிக்கை. முதல் தடத்தில் இருக்க வேண்டிய மிருதங்கம் ஏழாம் தடத்தில் உட்கார்ந்திருந்தது. டோலக் எட்டில். முதல் தடத்தில் முகவீணை. தலைப்பகுதி முழுவதையும் தாண்டாமல் இரண்டே பைட் தாண்டியதால், மிச்சம் இருந்த பைட்டுகள் ஒலிபோல எண்ணப்பட்டு, வரிசை ஆறு இடம் நகர்ந்துவிட்டது. பெயரை மாற்றி ஒட்டியதோடு சரி. 11.32 வரைக்கும், பிறகு 1.20இலிருந்து 2.22 வரைக்கும் கூத்து திரும்பி வந்தது. நடுவில் போனது போனதுதான்.

அடுத்த மாதமே சொந்தமாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். இரண்டரை அங்குல, 1 டிபி, லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்கிற வகை. மூன்றரை அங்குலப் பெரிய டிஸ்க் அதே விலைக்கு இரண்டு மடங்கு கொள்ளளவில் கிடைத்தது. ஆனால் அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். கூத்து நடக்கிற இடத்தில் ஜெனரேட்டர்காரர் நடுராத்திரி டீசல் ஊற்ற நிறுத்துவார். லேப்டாப்புக்குப் பேட்டரி உண்டு, அடாப்டருக்கு ஏது? கடைக்காரர் “1 டிபின்னு சொல்லிட்டு 931தான் காட்டுதுன்னு நாளைக்குத் திரும்பி வராதீங்க” என்றார். தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் தினமும் யாராவது அவரிடம் சண்டைக்குப் போயிருக்கிறார்கள் போல.

இப்போது ஃபார்மட். என்னிடம் விண்டோஸ் லேப்டாப். பதிவுகளைத் தொகுத்துத் தருகிற நண்பரிடம் மேக். இந்த ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. விண்டோஸின் சொந்த முறை என்டிஎஃப்எஸ். 1993இலிருந்து இருக்கிறது. பதிவேட்டில் எதை மாற்றப்போகிறேன் என்று முதலில் ஒரு குறிப்பில் எழுதிவைத்துவிட்டுத்தான் மாற்றும். கரண்ட் போனாலோ கேபிள் கழன்றாலோ, திரும்ப வந்ததும் அந்தக் குறிப்பைப் பார்த்துப் பதிவேட்டைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் மேக் அதைப் படிக்கும், தானாக அதில் எழுதாது. மேக்கின் முறையில் ஃபார்மட் செய்தால் விண்டோஸ் டிஸ்க்கை அடையாளமே கண்டுகொள்ளாமல், ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ஆமாம் என்று அழுத்திவிட்டால் கதை முடிந்தது.

இரண்டு பக்கமும் படிக்கவும் எழுதவும் முடிகிற முறை எக்ஸ்ஃபேட். 2006இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. 4 ஜிபி தடை கிடையாது. அதனால் ஒலிப்பதிவுக்கு எக்ஸ்ஃபேட்தான் என்று யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். எக்ஸ்ஃபேட்டில் என்டிஎஃப்எஸ் வைத்திருப்பது போன்ற முன்குறிப்பு கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றால் பதிவேடே கலைந்துபோகலாம். குழந்தைகள் கேபிளில் தடுக்கி விழுகிற களத்தில் உட்கார்ந்து பதிவு செய்கிறவன் நான். அதனால் பதிவு செய்கிற டிஸ்க் என்டிஎஃப்எஸ். நண்பரிடம் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சின்ன டிஸ்க், அது எக்ஸ்ஃபேட். இரண்டு வேலைக்கு ஒரே டிஸ்க் என்று மிச்சம் பிடிக்கப் போவதில்தான் சிக்கலே வருகிறது. ஒரு டிஸ்க்தான் இருக்கிறது, இரண்டு வகைக் கம்ப்யூட்டரும் உண்டு என்றால் எக்ஸ்ஃபேட்டே போடுங்கள். கேபிளை மட்டும் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். மேக் மட்டும்தான் என்றால், சுழல்கிற டிஸ்க்குக்கு அதன் பழைய முறையான எச்எஃப்எஸ் பிளஸ் போதும். 2017இல் வந்த புது முறையான ஏபிஎஃப்எஸ், எஸ்எஸ்டி என்கிற சுழலாத டிஸ்க்கை மனதில் வைத்துச் செய்தது.

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் புது டிஸ்க் கீழே வரும். டிஸ்க்கில் எந்தப் பிரிவு எங்கே என்று குறித்துவைக்கும் முறை எம்பிஆரா ஜிபிடியா என்று கேட்டால் ஜிபிடி. எம்பிஆர் பழையது, 2 டிபிக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. மேக்கின் டிஸ்க் யுட்டிலிட்டியில் ஒரு பொறி இருக்கிறது. திறந்ததும் உள்ளே இருக்கும் பிரிவைத்தான் காட்டும், டிஸ்க்கைக் காட்டாது. மேலே வியூ பட்டியலில் எல்லாச் சாதனங்களையும் காட்டு என்று தேர்ந்தால்தான் முழு டிஸ்க் தெரியும். அதைத் தேர்ந்து அழித்தால்தான் ஜிபிடி என்ற கேள்வியே வரும். நண்பர் இதைத் தவறவிட்டு அரை நாள் அலைந்தார். அலோகேஷன் யூனிட், அதாவது ஒரு மனையின் அளவு, எத்தனை என்ற கேள்விக்கு இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். அதை மாற்றினால் ஒலி நன்றாக வரும் என்று சொல்கிறவர்களிடம் சண்டை போட எனக்கு நேரமில்லை.

ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன். புது டிஸ்க் என்றால் குயிக் ஃபார்மட் என்ற டிக்கை எடுத்துவிட்டு, முழு ஃபார்மட். குயிக் என்பது பதிவேட்டை மட்டும் புதிதாக எழுதும், நிலத்தை மிதித்துக்கூடப் பார்க்காது. முழு ஃபார்மட் ஒவ்வொரு இடத்திலும் பூச்சியம் எழுதிக்கொண்டே போகும். எங்காவது கெட்ட இடம் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். 1 டிபிக்கு வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். பழைய யுஎஸ்பி 2 ஓட்டையில் செருகினால் ராத்திரி முழுவதும் ஆகும். ஆகட்டும். கெட்ட இடம் கூத்து நடுவில் தெரிவதைவிட வீட்டில் தெரியட்டும். எஸ்எஸ்டிக்கு இது வேண்டாம், வீணாக எழுதி அதன் ஆயுளைக் குறைப்பதுதான் மிச்சம்.

வேகத்தைப் பற்றி வீணாகக் கவலைப்படுகிறார்கள். எட்டு மைக்குக்கு வினாடிக்கு ஒரு எம்பி சொச்சம்தான் வேண்டும். 24 மைக் வைத்தாலும் மூன்றரை எம்பி. எந்தச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கும் இதைத் தூங்கிக்கொண்டே செய்யும்.

தூங்கிக்கொண்டே என்று சும்மா சொல்லவில்லை, அதுவும் நடந்தது. விண்டோஸின் பவர் அமைப்பில் டிஸ்க்கை 20 நிமிடத்தில் நிறுத்து என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறது. எல்லாம் தயார் செய்துவிட்டு, கூத்து தொடங்கத் தாமதமாகி அரை மணி நேரம் காத்திருந்தால் டிஸ்க் சுழற்சியை நிறுத்திவிடும். முதல் மேளம் விழும்போது பதிவை அழுத்தினால், அது எழுந்து சுழன்று வேகம் பிடிக்கச் சில வினாடி. அதற்குள் புரோகிராம் திணறும். அந்த 20ஐ 0 ஆக்குங்கள். பக்கத்திலேயே, சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கிற யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், அதையும் அணையுங்கள். மேக்கில் ஹார்ட் டிஸ்க்கைத் தூங்கவிடு என்ற டிக்கை எடுங்கள், டிஸ்க்கை ஸ்பாட்லைட் என்கிற மேக்கின் தேடலிலிருந்தும் விலக்குங்கள்.

இதையெல்லாம் செய்து முடித்து, என்டிஎஃப்எஸ் டிஸ்க்கோடு தைரியமாக ஒரு ராத்திரி முழுவதும் பதிவு செய்தேன். வேறொரு ஊர், வேறொரு ஜமா. நிற்கவே இல்லை. காலையில் 30 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே ஒரே ஃபைல். எவ்வளவு பெருமை! நண்பரிடம் கொடுத்தேன். மறுநாள் போன். “ஒன்னும் சரியா இல்லியே, முழு ராத்திரின்னு சொன்னே, கொஞ்ச நேரம்தான் காட்டுது.”

வேவ் என்ற வகையின் தலைப்பகுதியிலேயே அதே 32 பிட் கட்டம் இருக்கிறது. மனையின் பதிவேட்டை மாற்றினேனே தவிர, பத்திரம் பழைய படிவத்திலேயே இருந்திருக்கிறது. என் புரோகிராம் 4 ஜிபியைத் தாண்டியும் எழுதிக்கொண்டே போயிருக்கிறது, அவருடையது தலைப்பகுதியில் இருந்த எண்ணை நம்பியது. இதற்காகவே ஆர்எஃப்64 என்று ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கம் வகுத்த ஒரு வகை இருக்கிறது. அளவை 64 பிட்டில் எழுதும். நான் பயன்படுத்திய புரோகிராமிலும் அந்தத் தேர்வு ஒரு மூலையில் இருந்தது. தேடினால்தானே தெரியும்?

ஆனால் அதைவிட எளிதான வழி முதல் நாளிலிருந்தே என் கையில் இருந்தது. எட்டுத் தடத்தையும் எட்டுத் தனி ஃபைலாக எழுதச் சொல்லியிருந்தால், ஒவ்வொன்றும் மணிக்கு 518 எம்பிதான் வளரும். 4 ஜிபியைத் தொட 8 மணி 17 நிமிடம் ஆகும். கூத்து பத்தரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிந்துவிடும். அதாவது மைத்துனனின் அதே டிஸ்க்கில், அதே ஃபேட்32இல், பின்னால் குழம்பிவிடும் என்ற பயம் மட்டும் எனக்கு இல்லாமல் இருந்திருந்தால், பொன்னுருவி இன்றைக்கு என்னிடம் இருந்திருப்பாள். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு சமாச்சாரம், இது ஃபார்மட் அல்ல, சத்தம். ஒரு பாட்டியின் ஒப்பாரிப் பாட்டை அவர் வீட்டுத் திண்ணையில் பதிவு செய்தேன். மரப் பெஞ்சு ஒன்றில் மைக் ஸ்டாண்ட், அதே பெஞ்சில் ஹார்ட் டிஸ்க். கேட்கும்போது தெரியவில்லை. வீட்டில் ஹெட்ஃபோன் போட்டால் அவர் மூச்சு விடுகிற இடங்களிலெல்லாம் அடியில் ஒரு முனகல். அலைவரிசைப் படத்தில் பார்த்தால் சரியாக 90 ஹெர்ட்ஸில் ஒரு கோடு. டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 சுற்று. 60ஆல் வகுத்தால் 90. டிஸ்க் தானும் கூடச் சேர்ந்து அழுதிருக்கிறது. இப்போது டிஸ்க்குக்குத் தனி இடம், கீழே நான்காக மடித்த துண்டு. காற்று போக மேல்பக்கம் மூடக் கூடாது.

பெயர் வைப்பதிலும் ஒரு முறை ஏமாந்தேன். ஃபைல்களுக்குத் தமிழில்தான் பெயர் வைப்பேன். நண்பர் தன் மேக்கில், பழைய எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்கிலிருந்து ஜிப்பாக்கி அனுப்பிய ஒரு தொகுப்பில் பொன்னுருவி என்று ஒரு துண்டு இருந்தது. மீட்ட பகுதியில் அவள் பெயர் வருகிற சின்ன இடம். நான் விண்டோஸில் பொன்னுருவி என்று தட்டித் தேடினால் இல்லை என்கிறது. கண்ணெதிரே அதே பெயர் இருக்கிறது. காரணம், அந்த மேக் முறை ‘பொ’வின் கொம்பையும் காலையும் இரண்டு தனிக் குறிகளாகப் பிரித்து வைக்கும். நாம் தட்டுவது இரண்டும் சேர்ந்த ஒற்றைக் குறி. பார்வைக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. மெய்யோடு சேர்ந்து ஒகரம், ஓகாரம், ஔகாரம் வருகிற பெயர்களுக்கெல்லாம் இந்தக் கதிதான். அதிலிருந்து தேதியையும் எண்ணையும் முன்னால் போட்டு, பெயரைப் பின்னால் வைக்கிறேன்.

அடுத்த வருடம் வாத்தியார் ஊருக்குப் போனேன். எட்டுத் தனி ஃபைல், என்டிஎஃப்எஸ், விடிந்ததும் அங்கேயே இரண்டாவது டிஸ்க்கில் ஒரு பிரதி. பதிவு ஒரு வினாடிகூடப் பிசகாமல் வந்தது. ஆனால் அந்த வருடம் கர்ண வேஷம் அவர் மகனுக்கு. வாத்தியார் பின்பாட்டுக்கு நின்றார். பொன்னுருவி தர்க்கத்தில் மகன் ஓரிடத்தில் அடி தவறியபோது, பின்னாலிருந்து அந்த ஒரு வரியை மட்டும் இவர் எடுத்துக் கொடுத்தார். அந்தக் குரல் ஆர்மோனிய மைக்கில் கொஞ்சம் தள்ளி, ஆனால் தெளிவாக விழுந்திருக்கிறது. 21 வினாடி.

மைத்துனனின் டிஸ்க்கை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஃபார்மட்டை மாற்றிக்கொள் என்று சொன்னதற்கு, டிவிடி பிளேயரில் ஓடாது மாமா என்றுவிட்டான். போன வாரம் போன் செய்தான்.

“மாமா, ஒரு படம் இறக்கினேன், நல்ல குவாலிட்டி, ஆறு ஜிபி. டிஸ்க்குல பாதிக்கு மேல காலியா கெடக்குது. ஏற மாட்டேங்குது. டிஸ்க் போயிடுச்சா?”

“போகல,” என்றேன். “உக்காரு, சொல்றேன். கொஞ்சம் பெரிய கதை.”